வேனைக் குளிப்பாட்டுகிறவர்

கிள்ளான்
6 ஆகஸ்ட் 1984

தம்பி தியாகுவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். அதற்குப் போய்த் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது. கடையில் போன் இருக்கிறது, ஆனால் எடுக்கிறவர் உன் அத்தான். கூடப்பிறந்தவனோடு பேச வேண்டுமென்றால் எனக்கு இதுதான் வழி.

அத்தானுக்குக் கால் எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. இனி வேன் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேரி தீவு எஸ்டேட்டுகளுக்கு வாரா வாரம் சாமான் போகாவிட்டால் நம் மளிகைக் கடை எதற்கு? ஆள் வைத்துப் பார்த்தோம், எவனும் நிலைக்கவில்லை. கடைசியில் நானே லைசன்ஸ் எடுத்துவிட்டேன். சிரிக்காதே. முதல் தடவையிலேயே பாஸ். காலையில் மெய்யம்மையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே தீவுக்குப் போகிறேன். எஸ்டேட்டில் எனக்கு "வேன் ஆச்சி" என்று பெயராகிவிட்டது. உன் அத்தான் மட்டும் அந்த வேனில் ஏறுவதே இல்லை. கோயிலுக்குக் கூட டாக்சிதான்.

வேன் அதே வேன். தைப்பூசத்தன்று பத்துமலையிலிருந்து திரும்பும்போது நீ ரோட்டோரச் சாக்கடை லோங்காங்கில் இறக்கினாயே, அதுதான். இங்கே ஒர்க்ஷாப் முதலாளி தவுக்கே முன்பக்கத்தை நிமிர்த்தி, பிரேக்குக்கு எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அப்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது கொஞ்ச நாளாகப் பிரேக் பெடலை மிதித்தால் தலையணையை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. கால் போகிறது, போகிறது, அப்புறம்தான் நிற்கலாமா என்று வேன் யோசிக்கிறது. போன வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தது. நான் மிதித்த மிதியில் செருப்பு அறுந்துவிட்டது. வேன் நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை.

தவுக்கேயிடம் காட்டினேன். "லேடீஸ் காலு லா ஆச்சி, பெலம் பத்தல. நல்லா மிதிங்க" என்றார். அரிசி மூட்டை தூக்குகிறவளுக்கா பலம் இல்லை?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாய். "மிதிச்சேன் ஆச்சி, பெடல் கீழ போயிருச்சு, நான் மிதிச்சேன்." நீ வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓட்டினாய் என்றார் அத்தான். எல்லாரும் அவர் பேச்சைத்தான் கேட்டார்கள். இப்போது என் காலுக்கே அது நடக்கும்போது உன்னைத் தவிர யாரிடம் கேட்பது? எது கெட்டால் பெடல் இப்படி ஆகும்? பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. பக்கத்துப் பூக்கடை புஷ்பவல்லி அக்கா பெயருக்குப் போடு.

அழகம்மை

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட் 1984

ஆச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

என்ன நடந்தது என்று என்னிடம் ஒருவர் கேட்பது தைப்பூசத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதுவும் உங்கள் காலுக்கு நடந்த பிறகு. கோபம் வரத்தான் செய்கிறது, மறைக்க மாட்டேன். அன்று நீங்களும் அத்தான் பக்கம்தான் நின்றீர்கள். இங்கே மஸ்ஜித் இந்தியா ரோட்டில் மொத்தக் கடைக்காரர்கள் வரைக்கும் அவர் சொல்லி வைத்திருக்கிறார். "மச்சான நம்பி வேன குடுத்தேன், கால ஒடச்சுட்டான்." ஒரு மெக்கானிக்குக்கு இப்படிப் பெயர் வந்துவிட்டால் யார் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? என் முதலாளி கபிரியேல் அங்கிள் ஒருவர்தான் எதையும் கேட்காமல் வேலை கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தில் பிரேக்கை அழுத்த வேண்டும். வண்டிக்கு அடியில் ஓடுகிற குழாய் இரும்பு. ஆனால் சக்கரம் திரும்ப வேண்டும், மேலும் கீழும் ஆட வேண்டும். அதனால் கடைசித் துண்டு மட்டும் ரப்பர் ஹோஸ். அந்த ரப்பர் தளர்ந்துவிட்டால் உங்கள் மிதி பிரேக்குக்குப் போகாமல், ஹோஸை ஊத வைப்பதிலேயே பாதி தீர்ந்துவிடும். தலையணை என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். ஒரு நாள் ஹோஸ் வெடித்தால் பெடல் தரை வரைக்கும் போகும். எனக்குப் போன மாதிரி.

பார்ப்பது சுலபம். இஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, யாரையாவது பெடலை ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற ஹோஸைப் பாருங்கள். ஊதினால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றுதான் புரியவில்லை. ஹோஸ் வருஷக்கணக்கில் உழைக்கிற சாமான். விபத்துக்குப் பிறகு போட்டது அதற்குள் எப்படிக் கெடும்?

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை வேனை எடுக்காதீர்கள். மெய்யம்மையைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.

தியாகராஜன்

*

கிள்ளான்
17 ஆகஸ்ட் 1984

தம்பி,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் என்ன பாங்க் மேனேஜரா?

உன் அத்தான் பக்கம் நின்றேன் என்கிறாய். காலை உடைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவர் பக்கம் நிற்காமல், கை காலோடு எழுந்து வந்த உன் பக்கமா நிற்பார்கள்? உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்போது புரியும்.

நீ சொன்னபடி பார்த்தேன். அத்தான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் புஷ்பவல்லி அக்காவை டிரைவர் சீட்டில் ஏற்றினேன். பெடலைத் தேடுகிறேன் என்று அவர் ஹாரனை அடித்து, ரோட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சாக்கை விரித்து அடியில் படுத்தேன். "மிதிங்கக்கா" என்றால் "மிதிச்சுட்டேம்மா, இன்னும் மிதிக்கவா?" என்று அக்கா கேட்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் அந்த ரப்பர் தவளைத் தொண்டை மாதிரி உப்பி உப்பி அடங்கியது. இரண்டு பக்கமும் அப்படியே. இதை நம்பியா பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன்?

தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று விரலில் கருப்பாக ஒட்டியது. நகம் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்தது. மண்ணெண்ணெய் வாசம் வேறு. அதில் ஒன்றும் அதிசயமில்லை, வேன் முழுக்கவே அந்த வாசம்தான். "என்னா ஆச்சி, பருப்புல மண்ணெண்ணெ வாட அடிக்குது" என்று எஸ்டேட்டில் வீரம்மா கேட்கிறாள். உன் அத்தானைத் தெரியுமே. முன்பெல்லாம் ஆயுத பூஜை, பொங்கல் என்று நல்ல நாளுக்கு மட்டும் வேனைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார். கால் இப்படி ஆன பிறகு வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. முக்காலியைப் போட்டு, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கைக்கு எட்டுகிற ஒவ்வொன்றையும் துடைக்கிறார். "அடிப்பக்கம் சுத்தமா இருந்தாதான் மேல ஒக்கார்றவளுக்கு நல்லது" என்பார். பிறகு சந்தனம், குங்குமம், சாம்பிராணி. கடையில் வேறு எதிலும் அவருக்கு மனம் ஓடுவதில்லை.

"புது ஹோஸு லா, எப்படிக் கெடும்?" என்று தவுக்கேயும் உன் கேள்வியையே கேட்கிறார். வேனை நிறுத்திவிட்டேன். அத்தானிடம் கிளட்ச் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வாரச் சாமான் வாடகை லோரியில் போகிறது. இப்படி எத்தனை வாரம் ஓட்ட முடியும் என்று தெரியவில்லை.

அழகம்மை

*

பிரிக்பீல்ட்ஸ்
21 ஆகஸ்ட் 1984

ஆச்சிக்கு,

மண்ணெண்ணெய் என்று வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

பிரேக் ஹோஸ் ரப்பருக்கு அதுதான் எமன். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறும், இளகும். எப்போதாவது தெறித்தால் துடைத்துவிட்டுப் போகலாம். வாரம் தவறாமல் துணியை வைத்து ஊறத் தேய்த்தால் புது ஹோஸுக்கும் இந்தக் கதிதான். கபிரியேல் அங்கிளிடம் சொன்னேன். "பூச பண்ணியே பிரேக்க காலி பண்ண ஆள இப்பதான் லா கேள்விப்படுறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அத்தான் வேனைக் குளிப்பாட்டினாரே, நினைவிருக்கிறதா? அதற்கு முன்னால் பொங்கல், அதற்கு முன்னால் தீபாவளி, அதற்கும் முன்னால் ஆயுத பூஜை. எத்தனையோ வருஷம் ஊறின ஹோஸ் அது. பத்துமலைக் கூட்டத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் ஊர்ந்து வந்தோம். ஈப்போ ரோட்டுச் சிக்னலில் ஓங்கி மிதித்தபோது அது போய்விட்டது. நான் மிதித்தேன் ஆச்சி. வேடிக்கை பார்க்கவில்லை.

அத்தானிடம் சொல்லுங்கள். யார் யாரிடம் என்னைப் பற்றிப் பேசினாரோ அவர்களிடமெல்லாம் அவர் வாயாலேயே சொல்லட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தத் துணியை இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள்.

தியாகராஜன்

*

கிள்ளான்
4 செப்டம்பர் 1984

தம்பி,

நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்னது சரி. நான் இப்படி எழுதியிருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள், இன்னொரு தடவை கிடைக்காது.

ஆனால் எப்படிச் சொல்வது? நீ அங்கே உட்கார்ந்துகொண்டு "சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டாய். "உங்க கால ஒடச்சது என் தம்பி இல்ல, நீங்க பண்ண பூசதான்" என்று நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் வெள்ளிக்கிழமை போய் நின்றேன். முக்காலியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நான் நிற்பது தெரியாது. "பிள்ளையாரப்பா, கிளட்ச் சரியாயி மறுபடி கெளம்புவா. போய்ட்டு நல்லபடியா வரணும். பொம்பளய ரோட்டுக்கு அனுப்பிட்டு நான் இப்படி ஒக்காந்திருக்கேன். என்னால ஆனது இது ஒண்ணுதான்" என்று சக்கரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

டின்னை ஒளித்து வைத்துப் பார்த்தேன், வேறு டின் வாங்கி வந்துவிட்டார். சோப்புத் தண்ணீர் போதாதா என்றேன். "பிசுக்கு போவாது, ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். ரப்பரில் படாமல் துடையுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி தைப்பூசத்தில் போய் நிற்கும். பேச்சை மாற்றிவிட்டேன்.

உனக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அன்று அவர் பேசின பேச்சுக்கு நீ கண் கலங்கி நின்றதை நான் பார்த்தேன். ஆனால் இந்த மனிதருக்கு மிச்சம் இருப்பது அந்தத் துணிதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, இதனால்தான் கால் போனது என்றும் சொன்னால் அவர் உடைந்துபோவார். எனக்குப் பயமாக இருக்கிறது.

சொல்லாமல் வேனையும் எடுக்க முடியாது. புது ரப்பர் போட்டால் அதையும் வாரா வாரம் குளிப்பாட்டுவார். எஸ்டேட்டில் வேறொரு கடை வேன் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டது என்று வீரம்மா சொல்லியனுப்பியிருக்கிறாள். நீயே முடிவு செய். சொல்லத்தான் வேண்டும் என்று எழுதினால் சொல்லிவிடுகிறேன்.

அழகம்மை

*

பிரிக்பீல்ட்ஸ்
11 செப்டம்பர் 1984

ஆச்சி,

சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு பதில் எழுதினேன். சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, போஸ்ட் பண்ணாமல் கிழித்துவிட்டேன்.

வேறு வழி இருக்கிறது. பத்து தீகா ரேஸ் மைதானத்தில் ஓடுகிற கார்களுக்கு வேறு மாதிரி ஹோஸ் போடுவார்கள். உள்ளே டெஃப்லான் குழாய், அதன்மேல் துருப்பிடிக்காத கம்பியை ஜடை பின்னுகிற மாதிரி இறுக்கிப் பின்னியிருக்கும். ஓங்கி மிதித்தாலும் ஊதாது. காலில் கொடுக்கிற அழுத்தம் வீணாகாமல் பிரேக்குக்குப் போகும். மிதிக்கும்போதே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். கபிரியேல் அங்கிள் ரேஸ்காரர்களுக்குச் செய்து கொடுக்கிறார். நம் வேனின் அளவுக்கும் செய்யச் சொல்லிவிட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "பருப்பு ஏத்துற வேனுக்கு ரேஸ் ஹோஸா?" என்று கேட்டார். பருப்புக்காக இல்லை, மண்ணெண்ணெய்க்காக என்றேன். அந்தக் கம்பியையும் டெஃப்லானையும் மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது. பிரேக்குக்கு உள்ளே இருக்கிற ரப்பருக்குத் துணி எட்டாது. அத்தான் குளிப்பாட்டட்டும், பொட்டு வைக்கட்டும், அவர் இஷ்டம்.

இந்தக் கம்பி எதிலாவது உரசினால் அதை அறுத்துவிடும். அதனால் தவுக்கேயிடம் கொடுத்துப் போட வேண்டாம், நான்தான் போட வேண்டும். வேனை நீங்கள் ஓட்டி வரக் கூடாது. செவ்வாய்க்கிழமை இழுவை லோரி அனுப்புகிறேன், கூடவே வாருங்கள். கிளட்ச் வேலை என்றே சொல்லுங்கள். லோரியில் ஒர்க்ஷாப் பெயர் எழுதியிருக்காது.

அத்தானிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு வந்த பெயர் என்னோடு இருக்கட்டும். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெய்யம்மை போவது அந்த வேனில்.

தியாகு

*

கிள்ளான்
25 செப்டம்பர் 1984

தம்பி தியாகு,

அன்று ஒர்க்ஷாப்பில் உன்னோடு சரியாகப் பேசவே முடியவில்லை. நீ வேனுக்கு அடியை விட்டு வெளியே வரவில்லை, நான் உன் கால்களோடு பேசிவிட்டு வந்தேன். உனக்குக் கொண்டு வந்த சீப்புச்சீடை டின்னை உன் முதலாளி திறந்து பார்த்ததை நான் பார்த்தேன். உனக்கு மிச்சம் வைத்தாரா?

முதலில் பெடல். கால் வைத்ததும் வேன் கேட்கிறது. பழைய ஞாபகத்தில் ஓங்கி மிதித்து, பின்னால் இருந்த வெங்காய மூட்டை என் சீட்டில் வந்து முட்டியது. இப்போது எவ்வளவு மிதித்தால் எவ்வளவு நிற்கும் என்று காலுக்கே தெரிகிறது. நேற்று தீவில், செம்பனைக் குலை ஏற்றின டிராக்டர் ஒன்று சட்டென்று குறுக்கே திரும்பிவிட்டது. நான் நினைத்த இடத்தில் நின்றேன். டிராக்டர் போன பிறகு ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் அழுதேன். பயத்தில் இல்லை.

இனி அத்தான். வெள்ளிக்கிழமை துடைக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தால் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கிளட்ச்சுன்னு சொன்ன. பிரேக்குல கம்பி ஜட பின்னியிருக்கு. யாரு போட்டது?"

எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. "தியாகு" என்றேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தவுக்கே கடைக்கு நடந்தார். அங்கே நடந்ததைத் தவுக்கே பிறகு சொன்னார். ரப்பர் ஹோஸுக்கு என்ன குறை, எதற்குக் கம்பி என்று இவர் கேட்டிருக்கிறார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லியிருக்கிறார். "மண்ணெண்ணெ பட்டா?" "அதான் லா ரொம்ப மோசம்." அதன் பிறகு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தவர், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அவனுக்கு?"

"அவன்தான் கண்டுபிடிச்சான். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவனே எழுதிட்டான். நீங்க தொடச்சாலும் கெடாத மாதிரி இத செஞ்சு போட்டுக் குடுத்தான்."

அப்போது அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அந்தத் துணியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். நான் பயந்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மறுநாள் காலையில் குளித்து, விபூதி பூசி, டாக்சி வைத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனார். என்ன விஷயம் என்று என்னிடம் சொல்லவில்லை. மொத்தக் கடை காசிவிஸ்வநாதன் அண்ணன்தான் போன் பண்ணினார். "கண்ணப்பனுக்கு என்னம்மா ஆச்சு? நொண்டிக்கிட்டே கட கடயா ஏறி, 'பிரேக்க கெடுத்தது நான்தான், மச்சான் மேல தப்பே இல்ல'ன்னு சொல்லிட்டுப் போறாரு. நாங்க யாரும் கேக்கவே இல்லையே!"

நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆயுத பூசைக்குத் தியாகுவ வரச் சொல்லு. பூச முடிஞ்சு எலுமிச்சம்பழத்து மேல வேன அவன்தான் ஏத்தணும். நான் பக்கத்து சீட்ல ஒக்காருவேன்." அந்தச் சீட்டில்தான் அவருக்குக் கால் உடைந்தது. அதன் பிறகு அதில் அவர் ஏறியதே இல்லை, தம்பி.

வருவாயா? மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் எழுதிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆச்சி

*

பிரிக்பீல்ட்ஸ்
28 செப்டம்பர் 1984

ஆச்சி,

வருகிறேன். முதல் நாளே வந்துவிடுகிறேன். டின்னும் வரும், காலியாக.

பூஜைக்கு முன் வேனைக் குளிப்பாட்ட வேண்டும். அத்தான் துணியைக் குப்பையில் போட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு துணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டாக எடுத்து வைக்கட்டும், வலது பக்கம் அவருக்கு, இடது பக்கம் எனக்கு. மண்ணெண்ணெயிலேயே நனைத்துக்கொள்ளட்டும். அதைத் தாங்க வேண்டும் என்றுதான் அந்த ஹோஸைப் போட்டேன்.

தியாகு